வீணைக்கு ஆகும் பலா கிட்டாருக்கு ஆகுமா?

கேள்வி: கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். ‘தானே’ புயலில் விழுந்த பலா மரத்தைப் பலகையாக அறுத்துப் பரணில் போட்டு வைத்திருக்கிறோம். அதிலேயே முழுசாக ஒரு அக்கூஸ்டிக் கிட்டார் செய்ய ஆசை. புதுச்சேரி மர வியாபாரி ஒருவர், “பலாவில் சத்தம் வராது, நான் ரோஸ்வுட் தர்றேன்” என்கிறார். பில் கேட்டால் சிரிக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பில் கேட்டால் சிரிக்கிறவரிடம் ரோஸ்வுட் வாங்காதீர்கள். ஈட்டி, தோதகத்தி என்று நாம் சொல்லும் மரம்தான் அது. 2017 முதல் அந்த இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிக்கு 2019-இல் விலக்குக் கொடுத்தார்கள், சரி. உங்கள் வீட்டில் கிடக்கப் போவதோ பில் இல்லாத வெறும் பலகை. நாளைக்கு யாராவது வந்து கேட்டால் வியாபாரி இருக்க மாட்டார், நீங்கள்தான் இருப்பீர்கள்.

அது ரோஸ்வுட்தானா என்பது அடுத்த கேள்வி. என்னிடம் ‘ரோஸ்வுட்’ என்று வந்து இறங்கியவற்றில் சாயம் ஏற்றிய வாகையும் உண்டு. ஓரத்தில் இழைப்புளியால் நாலு தள்ளு தள்ளிப் பாருங்கள், உள்ளே நிறம் மாறினால் கதை முடிந்தது. பழைய வீடு இடித்த உத்திரம் என்று விற்கிறவர்களும் இப்படித்தான். புதுச்சேரியில் இடிகிற வீட்டு மரமெல்லாம் அவர்கள் வாயில் பர்மா தேக்கு!

பலாவில் சத்தம் வராது என்பது வியாபாரப் பேச்சு. தவிலும் மிருதங்கமும் வீணையும் வேறெந்த மரத்தில் செய்கிறார்களாம்? கிட்டாரின் முதுகுக்கும் பக்கங்களுக்கும் உங்கள் பலா தாராளமாக ஆகும். ஸ்பெயினில் அன்டோனியோ டி டோரஸ் 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் வைத்தே ஒரு கிட்டார் செய்தார். சத்தத்தின் உயிர் மேல்பலகையில் என்று காட்டத்தான். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. முதுகும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு மரம், மற்றதெல்லாம் ஒன்று என்று ஆறு கிட்டார்கள். மரம் தெரியாதபடி 52 பேரிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். விலை கூடிய மரத்துக்கும் மலிவு மரத்துக்கும் கிடைத்த மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் மேல்பலகைக்குப் பலா வேண்டாம். வீணைக்கு மேலேயும் பலாதானே என்று கேட்பீர்கள். வீணையில் தந்திகள் குதிரையின் மேல், அதாவது அவற்றைத் தாங்கும் கட்டையின் மேல், ஏறி இறங்கி, குடத்தின் கோடியில் நாகபாசம் என்ற பிடியில் போய்க் கட்டப்படுகின்றன. குதிரை பலகையை அமுக்குகிறது, அவ்வளவுதான். கிட்டாரில் குதிரையை மேல்பலகையில் ஒட்டி, தந்திகளை அதிலேயே மாட்டுகிறோம். ஆறு எஃகுத் தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். 3 மில்லிமீட்டர் பலகை அதைத் தாங்கவும் வேண்டும், லேசாக இருந்து அதிரவும் வேண்டும். ஸ்புரூஸ், சீடர் மரங்கள் எடைக்கு மீறிய விறைப்பு உள்ளவை, அதனால்தான் உலகமே அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பலாவை அந்த விறைப்புக்குக் கொண்டுவர முயன்றால் கனத்துப்போய் ஊமையாகிவிடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. தந்திகளைக் குதிரையில் மாட்டாமல், வீணை மாதிரியே அடிக்கட்டை வரைக்கும் கொண்டுபோய் உலோகத் தகட்டில் கட்டுகிற கிட்டார் வகை இருக்கிறது. அதில் குதிரை ஒட்டப்படுவதில்லை, தந்தியின் அழுத்தத்தில் சும்மா நிற்கிறது. அந்த அமைப்பில் மட்டும் பலா மேல்பலகையை முயன்று பார்க்கலாம். தகடு வைத்தால் மட்டும். சாதாரணக் கிட்டாருக்குப் பலா மேல்பலகை ஒட்டிவிட்டு, குதிரை பெயர்ந்து வந்த பிறகு தகடு தேடி என்னிடம் வருகிறார்கள். அந்தத் தகடு முதல் நாளே முடிவு செய்ய வேண்டியது. உள்ளே ஒட்டும் மரச்சட்டங்களே அதற்கு வேறு மாதிரி போக வேண்டும். முதல் கிட்டாருக்கு இந்த வம்பு வேண்டாம், ஸ்புரூஸ் வாங்கிவிடுங்கள். அப்படி வரவழைத்த என் பார்சல் ஒன்று ஐந்து வாரம் ஓர் அலுவலகத்தில் கிடந்தது. இது இசைக்கருவிப் பாகமா, வெறும் மரமா என்று அவர்களுக்குள் முடிவாகவில்லையாம். கிடந்தது கார்த்திகை மாதம்; வந்தபோது பலகை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம், ‘தானே’. அது வந்தது 2011 டிசம்பர் 30. இத்தனை வருஷம் காய்ந்த மரம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ‘தானே மரம்’ என்று சொல்லி நேற்று வெட்டியதை விற்கிறவர்கள் ஒருபுறம். உங்களுடையது நிஜமாகவே பழசானாலும், கடல் காற்றடிக்கும் ஊரில் பரணில் கிடக்கும் மரம் காற்றின் ஈரத்துக்குச் சமமாகி அங்கேயே நின்றுவிடும். நம் பக்கத்தில் மரத்தின் ஈரம் 14 சதவீதம் வாக்கில் இருக்கும். கிட்டாருக்கு 8 சதவீதத்தை ஒட்டி வேண்டும். இல்லாவிட்டால் கிட்டாரை ஏசி அறைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோனதும் 40 சென்டிமீட்டர் அகல முதுகு ஓரிரு மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். சுருங்க இடமில்லாமல் பிளக்கும். பழி பலா மேல் விழும்.

பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும் துண்டுகளையே எடுங்கள், ஓரத்து வெள்ளையைக் கழித்துவிட்டு மஞ்சள் வைரத்தை மட்டும். அதை 5 மில்லிமீட்டர் தகடுகளாக அறுத்து, இடையில் குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, ஈரப்பதமானியில் காற்றின் ஈரம் 45 முதல் 50 சதவீதம் காட்டும் ஏசி அறையில் வையுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறவில்லை என்றால் இழைக்கலாம். முதுகு இரண்டரை மில்லிமீட்டர், பக்கம் இரண்டு. ஒட்டுவதும் அதே அறையில்தான், ஐப்பசி கார்த்திகையில் திண்ணையில் வைத்து ஒட்டாதீர்கள்.

அறுப்பை உங்கள் ஊர் சாமில்லிலேயே முடித்துக்கொள்ளுங்கள். முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் வந்தால் வேறு அரசு, வேறு அலுவலகம். சொந்தத் தோட்டத்து மரம்தான் என்று நிரூபிக்க நீங்கள் அலைகிற நாளில், அந்த வியாபாரியின் லாரி இரண்டு தடவை போய் வந்திருக்கும். பலகையாகத்தான் கொண்டுவர வேண்டுமென்றால், முதலில் வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.