லஞ்சத்தில் பாதி கொடுத்தாச்சு, இனி புகார் தரலாமா?

கேள்வி: பாகப்பிரிவினை முடிந்து, என் பங்குக்கு உட்பிரிவுப் பட்டா கேட்டு விண்ணப்பித்தேன். நிலத்தை அளக்க வர 15,000 ரூபாய் கேட்கிறார் சர்வேயர். நான்கு நாள் முன்பு, அவர் கைகாட்டிய புரோக்கரிடம் 5,000 கொடுத்துவிட்டேன். மீதிக்கு நச்சரிக்கிறார்கள். புகார் செய்தால் லஞ்சம் கொடுத்ததற்காக நானும் மாட்டுவேன் என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018 ஜூலையில் திருத்திக் கடுமையாக்கினார்கள். அதற்கு முன், கொடுத்தவர் அதைச் சொல்லி வாக்குமூலம் தந்தால் பாதுகாக்க 24-ஆவது பிரிவு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 8-ஆவது பிரிவின்படி கொடுப்பதே தனிக் குற்றம். 7 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புரோக்கர் மூலம் கொடுத்தேன் என்பது தப்பிக்க உதவாது.

நண்பர் சொல்லாத மீதியை அதே பிரிவு சொல்கிறது. கட்டாயத்தால் கொடுத்தவர், கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் விசாரணை அமைப்பிடம் தெரிவித்துவிட்டால் அவர் மேல் குற்றம் இல்லை. உங்களுக்கு 4 நாள் போய்விட்டது. வக்கீலைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் போகலாம் என்று இருக்காதீர்கள். தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஏழு நாள் கணக்கு தெரியும் என்பது வேறு விஷயம். என்னைக் கேட்டால் அந்தக் கெடு மிகக் குறைவு. இன்னொன்று: இந்தச் சலுகை நியாயமான வேலைக்காக மிரட்டப்பட்டவருக்குத்தான். புறம்போக்கைப் பட்டாவாக்கப் பணம் நீட்டியவர் இதைக் காட்டித் தப்ப முடியாது.

உங்கள் மாவட்ட லஞ்ச ஒழிப்புத்துறை அலுவலகத்துக்கு நேரில் போய் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். முதலில் கொடுத்த 5,000-ஐ மறைக்க வேண்டாம். அதை விட்டுவிட்டு எழுதினால் ஏழு நாள் பாதுகாப்பும் கிடைக்காது, பின்னால் குறுக்கு விசாரணையில் வழக்கே ஆட்டம் காணும்.

மீதி 10,000-ஐ வைத்துப் பொறி வைப்பார்கள். முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, விசாரணைக்கு உதவியாகக் கொடுக்கும் பணம் குற்றமாகாது. அதையும் 8-ஆவது பிரிவே சொல்கிறது. நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பவுடர் தடவித் தருவார்கள். அரசு ஊழியர் ஒருவர் சாட்சியாகக் கூடவே வருவார். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறும். செய்தித்தாளில் வரும் 'ரசாயனம் தடவிய நோட்டு' இதுதான். அந்த நோட்டுகள் வழக்குச் சொத்தாகிவிடும். உங்கள் பணம் எப்படித் திரும்பக் கிடைக்கும் என்று புகார் தரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: அவர் கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள். நிறம் மாறியது மட்டும் தண்டனைக்குப் போதாது. அவர் கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும். "சார், அந்த வேலை என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்து, அவர் வாயால் பணப் பேச்சு வரட்டும். ஏற்கெனவே பேசிய போன் பதிவு இருந்தால் அந்த போனிலேயே இருக்கட்டும். நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால் நீதிமன்றத்தில் திண்டாட்டம்.

கையும் களவுமாகப் பிடிக்க மேலதிகாரியின் முன் அனுமதி தேவையில்லை. ஆனால் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க அரசுத் தரப்பு இசைவு வேண்டும், அங்கே தாமதமாகலாம். இரண்டு ஆண்டில் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அதை நம்பி நாள் குறிக்க வேண்டாம். சாட்சி சொல்லச் சில ஆண்டு கழித்துக் கூப்பிட்டாலும் போகத் தயாராக இருங்கள். நடுவில் சமாதானம் பேச ஆள் வரும். புகார்தாரர் முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லி, பிறழ்சாட்சி ஆனாலும் மற்ற சான்றுகளை வைத்துத் தண்டிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துவிட்டது. அதனால் வழக்கு உங்கள் ஒருவர் வாயை மட்டும் நம்பி நிற்கப் போவதில்லை.

அப்புறம், புரோக்கர். அரசு ஊழியரை வசப்படுத்தித் தருகிறேன் என்று பணம் வாங்குவது 7ஏ பிரிவில் குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அவர் பெயரையும் போன் நம்பரையும் புகாரில் சேருங்கள்.

பட்டா வேலை தனியாக நடக்கட்டும். விண்ணப்ப எண்ணோடு தாசில்தாருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தாசில்தார் விண்ணப்பத்தை நிராகரித்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.