பனியின் மேல் நீல நிழல்: ஓவியம் பற்றி வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதியவை. சொல்லிவைத்தாற்போல எல்லோரும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் பிறந்த ஓவிய இயக்கமான இம்ப்ரெஷனிசத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு இம்ப்ரெஷனிசம் நடத்த எனக்குக் கிடைப்பது இரண்டே பீரியட். குறிப்பில் பெயர்களும் ஆண்டுகளும்தான் இருக்கின்றன. படத்தைக் காட்டினால் பிள்ளைகள் "மிஸ், இது முடிக்காத படம் மாதிரி இருக்கு" என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
*- ஓவிய ஆசிரியை, விருதுநகர்*

பிள்ளைகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். 1874-ல் இந்த ஓவியர்களின் முதல் கண்காட்சியைப் பார்த்த பாரிஸ் பத்திரிகைக்காரர்கள் சிலரும் இதையேதான் எழுதினார்கள். "இல்லை, இது உலகப் புகழ்பெற்ற படம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்ன நிமிடமே அவர்கள் பார்ப்பதை விட்டுவிட்டு மனப்பாடத்துக்குப் போய்விடுவார்கள்.

முதல் பீரியடில் இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே வேண்டாம். இரண்டே படங்களைக் காட்டுங்கள். இரண்டிலும் பனி இருக்கிறது, இரண்டும் இன்று பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலாவது, எர்னஸ்ட் மெய்சோனியே 1864-ல் முடித்த '1814, பிரெஞ்சுப் போர்'. தோல்வியை நோக்கிப் போகும் நெப்போலியன் குதிரையில் முன்னே வருகிறார், பின்னால் தளபதிகள், காலடியில் சேறும் பனியும் கலந்த பாதை. படத்தின் உயரம் அரை மீட்டர்தான். அதற்குள் சேணம், கோட்டு, சேற்றில் பதிந்த தடம் என்று எல்லாம் துல்லியமாக இருக்கும். அந்தக் காலத்தில் 'முடித்த படம்' என்றால் இதுதான். இதைக் குறைத்துப் பேசாதீர்கள், அது அசாத்தியமான கைத்திறமை.

இரண்டாவது, கிளாட் மோனே 1868-69 குளிர்காலத்தில் வரைந்த 'மாக்பை'. பனி மூடிய தோட்டம், ஒரு வேலி, படலின் மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஒற்றைப் பறவை. கதை என்று எதுவும் இல்லை. 1869-ல் சலோன் என்ற அரசு ஆதரவுபெற்ற பெரிய கண்காட்சிக்கு மோனே இதை அனுப்பினார். தேர்வுக்குழு திருப்பி அனுப்பிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வேலியின் நிழல் என்ன நிறம்? தூரத்திலிருந்து பார்க்கும் பிள்ளைகள் "கறுப்பு" என்பார்கள், "சாம்பல்" என்பார்கள். பெரிதாக்கிக் காட்டுங்கள். நீலம். சில இடங்களில் நீலமும் ஊதாவும். வெள்ளை என்று நினைத்த பனியில் வெளிர் மஞ்சளும் இளஞ்சிவப்பும் கிடக்கும்.

மோனே அழகுக்காக நீலம் பூசவில்லை. வெயிலை வேலி மறைக்கிறது, ஆனால் வானத்தின் ஒளியை அது மறைப்பதில்லையே. நிழல் விழுந்த இடத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம். இன்னொரு காரணம் நம் கண்ணில் இருக்கிறது. பாரிஸில் கோபலான் என்ற அரசு நெசவுக்கூடத்தின் சாயப்பட்டறைக்கு ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் தலைவராக இருந்தார். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்ததில் சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறங்கள்தான் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்று 1839-ல் அவர் பெரிய புத்தகமே போட்டார். மஞ்சள் வெயிலுக்கு அருகே இருக்கும் நிழல் இன்னும் நீலமாகத் தெரிவதும் இதனால்தான்.

சரி, விருதுநகரில் பனிக்கு எங்கே போவது? வெள்ளை வேட்டி ஒன்றை வெயிலில் கொடியில் கட்டுங்கள். நான்கு மணி வெயிலில் அதன் மேல் மரக்கிளையின் நிழல் விழட்டும். அந்த நிழலுக்கு ஒவ்வொருவரும் ஒரு நிறப்பெயர் எழுத வேண்டும், 'கறுப்பு' என்று எழுதக் கூடாது. நான் பள்ளியில் இதைச் செய்தபோது ஒரு பெண் "கத்தரிப்பூ கலர் சார்" என்றாள். அதற்கு முன் ஓவிய வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். பார்க்கத் தெரிந்தவள், பார்த்ததைக் கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

இரண்டாவது பீரியடில் வாட்டர் கலர் பெட்டியிலிருந்து கறுப்பை எடுத்து வைத்துவிடச் சொல்லுங்கள். இருட்டு வேண்டுமென்றால் அடர்நீலத்தையும் பழுப்பையும் கலந்துகொள்ளட்டும். பென்சில் கோடு வேண்டாம், அழிரப்பர் வேண்டாம், சின்னச் சின்னத் தீற்றல்கள் போதும். இருபது நிமிடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் அதற்குள் வெயில் நகர்ந்திருக்கும். அது நகர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் மோனே, பிஸாரோ, ரெனுவார், தெகா என்று பெயர்களைச் சொல்லுங்கள். அதற்குள் அந்தப் பெயர்கள் எதைப் பற்றியவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: கேமரா வந்ததால் ஓவியர்கள் வேறு வழியில்லாமல் மாறினார்கள், அதுதான் இம்ப்ரெஷனிசம் என்று எங்கள் கல்லூரிக் குறிப்பில் இருக்கிறது. இது சரியா?
*- இளங்கலை மாணவர், கோயம்புத்தூர்*

பாதி சரி, தம்பி. டாகெரின் புகைப்பட முறை 1839-ல் உலகுக்குத் தெரியவந்தது. உருவத்தை அப்படியே பதிக்க ஒரு எந்திரம் வந்துவிட்டால் ஓவியர் யோசிக்கத்தான் செய்வார். தெகாவின் படங்களில் ஆட்கள் ஓரத்தில் பாதியாக வெட்டுப்பட்டு நிற்பதற்கும் புகைப்படத்துக்கும் தொடர்பு சொல்வார்கள். ஆனால் அந்தத் துணிச்சலை ஹொகுசாய், ஹிரோஷிகே ஆகியோரின் ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களும் கொடுத்தன.

உங்கள் குறிப்பில் விடுபட்டது இன்னும் சாதாரணமான ஒரு பொருள்: பெயிண்ட் டியூப். அதற்கு முன் அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள். ஊசியால் குத்திப் பிதுக்கி எடுக்க வேண்டும், பிறகு சரியாக மூட முடியாது, காய்ந்துவிடும். சில நேரம் வெடித்தும் போகும். இதைத் தூக்கிக்கொண்டு வயல்வெளிக்குப் போய் உட்கார்ந்து ஒரு படத்தை முடிப்பது பெரும் பாடு. லண்டனில் இருந்த ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1841-ல் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கினார். மூடியைத் திருகலாம், பையில் போடலாம், அடுத்த வாரமும் பயன்படுத்தலாம்.

அதே காலத்தில் புது வண்ணங்களும் கடைக்கு வந்தன. லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்து எடுத்த அல்ட்ராமெரின் நீலம் தங்க விலை விற்றது. 1820-களில் அதைச் செயற்கையாகச் செய்யும் முறை பிரான்சில் கண்டுபிடிக்கப்பட்டது. பனி நிழலுக்கெல்லாம் நீலத்தை அள்ளிப் பூச முடிந்தது விலை இறங்கியதால்தான். அப்புறம் ரயில். பாரிஸின் சென் லசார் நிலையத்தில் ஏறினால் சேன் நதிக்கரை ஊர்களுக்குச் சீக்கிரம் போய்விடலாம். 1870-களில் மோனே குடியிருந்த அர்ஜான்தேய் அப்படி ஓர் ஊர். அந்த நிலையத்தையே அவர் 1877-ல் பன்னிரண்டு படங்களாக வரைந்தார், புகையும் கண்ணாடிக் கூரையுமாக.

வெளியே உட்கார்ந்து வரைந்ததற்குச் சாட்சி வேண்டுமா? லண்டன் நேஷனல் கேலரியில் மோனேயின் 'திரூவீல் கடற்கரை' என்ற 1870-ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் மணல் துகள்களும் சிப்பித் துண்டுகளும் ஒட்டிக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கடற்காற்று கொண்டுவந்து போட்ட மணல். மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல தகவல் எனக்குத் தெரியாது.

கேள்வி: முதல் கண்காட்சியைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களாமே?
*- வாசகர், மதுரை*

எல்லோரும் இல்லை. சலோன் தேர்வுக்குழுவை நம்பிப் பயனில்லை என்று முப்பது பேர் அளவில் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, 1874 ஏப்ரல் 15 அன்று கண்காட்சியைத் திறந்தார்கள். இடம் காப்யூசின் பெருவீதி 35-ஆம் எண், நதார் என்ற புகழ்பெற்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோ. கட்டணம் ஒரு பிராங்க். பகல் வேலைக்குப் போகிறவர்களும் வர வசதியாக இரவு எட்டு முதல் பத்து வரையும் திறந்திருந்தது. ஒரு மாதத்தில் சுமார் 3,500 பேர் வந்தார்கள்.

லூயி லெருவா என்ற விமர்சகர் 'ல ஷரிவரி' என்ற நையாண்டி இதழில் ஒரு கற்பனை உரையாடல் எழுதினார். பழைய பாணி ஓவியர் ஒருவர் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துக் கொதித்துப்போவதாக அமைந்தது. லெ ஆவ்ர் துறைமுகத்தை மோனே வரைந்த 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' படத்தைப் பார்த்து, பாதியில் நிற்கும் சுவர்க்காகிதம்கூட இதைவிட முடிந்ததாக இருக்கும் என்கிறார் அந்த ஓவியர். குழுவின் பெயரும் அந்தக் கட்டுரைத் தலைப்பிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் சில நாள் கழித்து கஸ்தன்யரி என்ற விமர்சகர், இவர்கள் நிலக்காட்சியை அல்ல, அது நமக்குள் உண்டாக்கும் உணர்வை வரைகிறார்கள் என்று பொறுப்போடு எழுதினார். பாடநூல்கள் லெருவாவை மட்டும் சொல்லி கஸ்தன்யரியை விட்டுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. புதியதைக் கண்டு புரிந்துகொண்டவர்களும் அன்றே இருந்தார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பணத்தில்தான் தோற்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் சங்கம் கலைக்கப்பட்டது, உறுப்பினர் ஒவ்வொருவர் தலையிலும் 184 பிராங்க் 50 சென்டைம் கடன். இருந்தும் 1886 வரை எட்டுக் கண்காட்சிகள் நடத்தினார்கள். எட்டிலும் கலந்துகொண்டவர் பிஸாரோ ஒருவரே.

கேள்வி: மோனேக்குக் கண் பார்வை சரியில்லை, அதனால்தான் மங்கலாக வரைந்தார் என்கிறார்களே?
*- மாணவி, திருநெல்வேலி*

இல்லை. அவருக்குக் கண்புரை இருப்பது தெரியவந்தது 1912-ல். 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' 1872-ல் வரைந்தது. கடைசிக் காலத்து அல்லிக்குளப் படங்கள் சிலவற்றில் சிவப்பும் பழுப்பும் ஏறியதற்குப் புரை காரணமாக இருக்கலாம். முன்னால் வரைந்தவற்றுக்கு அது பொருந்தாது.

கேள்வி: இந்தக் குழுவில் பெண்கள் இருந்தார்களா? என் மாணவிகள் கேட்கிறார்கள்.
*- ஆசிரியை, திருச்சி*

முதல் கண்காட்சியிலிருந்தே பெர்த் மொரிசோ இருந்தார். எட்டில் ஏழில் கலந்துகொண்டார். விட்டது 1879 மட்டும், அதற்குச் சில மாதம் முன்புதான் மகள் பிறந்திருந்தாள். அமெரிக்காவிலிருந்து வந்த மேரி கசாட் 1879-ல் சேர்ந்தார், மரீ பிராக்மோனும் அந்த ஆண்டே.

உங்கள் மாணவிகளுக்கு மொரிசோவின் 'தொட்டில்' படத்தைக் காட்டுங்கள், 1872-ல் வரைந்தது. தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் மொரிசோவின் அக்கா எத்மா. அக்காவும் தங்கையும் சேர்ந்தே ஓவியம் கற்றவர்கள். 1869-ல் திருமணமான பின் எத்மா தூரிகையை வைத்துவிட்டார். இந்தச் செய்தியோடு அந்த முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் தாய்ப்பாசப் படம் என்று எழுதியிருப்பவர்கள் அந்த முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

இன்னொன்றும் சொல்லுங்கள். பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1897-ல்தான், மொரிசோ இறந்து இரண்டு ஆண்டு கழித்து. ஆண் ஓவியர்கள் கூடிப் பேசிய காபிக் கடைகளுக்கு ஒரு கௌரவமான வீட்டுப் பெண் தனியாகப் போய் உட்கார முடியாது. அதனால் அவர் படங்களில் வீடும் தோட்டமும் பால்கனியும் வருகின்றன. அவருக்குத் திறந்திருந்த உலகத்தை அவர் முழுமையாகப் பார்த்திருக்கிறார்.

கேள்வி: இதிலிருந்து பிகாசோவுக்கு எப்படிப் போவது? நடுவில் பாலமே தெரியவில்லை.
*- முதுகலை மாணவர், சென்னை*

பிஸாரோவைப் பிடித்துக்கொண்டு போங்கள். 1870-களில் பொந்துவாஸ் என்ற ஊரில் செசான் அவரோடு சேர்ந்து வெளியில் உட்கார்ந்து வரைந்தார். அதற்கு முன் செசானின் படங்கள் இருண்டவை, வண்ணத்தை அப்பியவை. பிஸாரோவின் ஒரு படத்தை வாங்கி வைத்துக் காப்பி அடித்தே பழகினார். இறப்பதற்குச் சற்று முன், 1906-ல், ஒரு கண்காட்சிப் பட்டியலில் தன்னைப் 'பிஸாரோவின் மாணவர்' என்று போடச் செய்தார். அப்போது அவர் பெரிய பெயர் வாங்கிவிட்டவர்.

ஆனால் நழுவிப்போகும் ஒளி மட்டும் செசானுக்குப் போதவில்லை. மலையின் கனம் வேண்டும் என்று செந்த் விக்துவார் மலையைத் திரும்பத் திரும்ப வரைந்தார். வண்ணத் திட்டுகளையே செங்கல் போல அடுக்கினார். இயற்கையை உருளை, கோளம், கூம்பு கொண்டு அணுகச் சொல்லி 1904-ல் ஓர் இளம் ஓவியருக்குக் கடிதம் எழுதினார். 1907-ல் பாரிஸில் அவருடைய நினைவுக் கண்காட்சி நடந்தது. அதே ஆண்டில்தான் பிகாசோ 'அவிஞோன் பெண்கள்' படத்தை வரைந்தார். பொருள்களை வடிவியல் துண்டுகளாக உடைத்து வரையும் கியூபிசம், பிராக் என்ற ஓவியரோடு சேர்ந்து அவர் வளர்த்தது, அதற்குப் பிறகு.

இன்னொரு கிளையும் உண்டு. மோனே 1890-91-ல் வைக்கோல் போர்களைச் சுமார் இருபத்தைந்து படங்களாக வரைந்தார், வெவ்வேறு நேரம், வெவ்வேறு பருவம். அதில் ஒன்றை மாஸ்கோவில் பார்த்த கண்டின்ஸ்கிக்கு அது வைக்கோல் போர் என்றே முதலில் தெரியவில்லை, பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பொருள் தெரியாமலே படம் தன்னைப் பிடித்து உலுக்கியது எப்படி என்று அவர் யோசித்தார். பின்னால் உருவமே இல்லாத ஓவியத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஒரே பொருளை இருபத்தைந்து முறை வரைந்தால் உண்மையான பொருள் ஒளிதான் என்றாகிவிடுகிறது. வைக்கோல் போர் வெறும் சாக்கு. நவீன ஓவியத்தின் கதவு அங்கே திறந்தது என்று நான் நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் பள்ளியில் புரொஜெக்டர் இல்லை. அசல் படங்களையும் பார்க்க வழியில்லை. என்ன செய்யலாம்?
*- ஆசிரியர், தர்மபுரி*

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டும் இந்தக் காலத்துப் படங்கள் பலவற்றைப் பெரிய அளவில் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கின்றன. ஒரு படத்தை மட்டும் இறக்கி, நல்ல கடையில் ஏ3 தாளில் கலர் பிரின்ட் போடுங்கள். பத்துப் படங்களை ஒரே தாளில் திணிக்க வேண்டாம். இன்னொரு பிரின்ட், அதே படத்தின் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி. தீற்றல்கள் அதில்தான் தெரியும்.

அப்புறம் அளவைச் சொல்லுங்கள். கரும்பலகையில் 48-க்கு 63 சென்டிமீட்டரில் ஒரு கட்டம் போட்டால், அதுதான் 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்'. சொரா என்ற ஓவியரின் 'கிராந்த் ஜாத்' இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். அதற்குக் கரும்பலகை போதாது, வகுப்பறைச் சுவரில் சாக்பீஸால் அளந்து போடுங்கள். அதைச் சின்னத் தீற்றல்களாலும் புள்ளிகளாலும் நிரப்பினார் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஓர் உள்ளங்கை அளவு இடத்தைத் தாளில் புள்ளிகளாலேயே நிரப்பச் சொல்லுங்கள்.