மூலை இருட்டு குறையா? பிளாஸ்டிக் கேமரா கேள்வி பதில்

சென்ற இதழில், ஹோல்கா என்ற பிளாஸ்டிக் கேமராவில் நான் எடுத்த படங்கள் நான்கு வெளியான பிறகு நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: சித்தப்பா தன் பழைய ஹோல்காவை எனக்குக் கொடுத்தார். முதல் ரோலில் எல்லாப் படமும் நடுவில் ஓரளவு தெளிவு, ஓரங்களில் மங்கல், நான்கு மூலையும் இருட்டு. லென்ஸ் கெட்டுவிட்டதா? மாற்ற முடியுமா?

பதில்: கெடவில்லை. அந்தக் கேமராவின் பார்வையே அதுதான். தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.

உள்ளே இருப்பது ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை. நல்ல லென்ஸ்களில் நாலைந்து கண்ணாடிகள் ஒன்றின் பிழையை மற்றொன்று திருத்தும். இங்கே திருத்த ஆளில்லை. ஒற்றை வில்லை வழியாக வரும் பிம்பம் கிண்ணம் போல வளைந்து விழுகிறது, ஃபிலிமோ தட்டையாக இருக்கிறது. நடுவில் சரியாகப் பொருந்தும்போது ஓரத்தில் விலகிவிடும். அப்புறம், ஆறு சென்டிமீட்டர் சதுரத்தின் மூலை வரை போதிய வெளிச்சத்தைக் கொண்டு சேர்க்க அந்தச் சின்ன லென்ஸால் முடியாது. இருட்டுக்குக் காரணம் அதுதான்.

ஹோல்கா 1982-ல் ஹாங்காங்கில் வெளிவந்தது. லீ டிங் மோ என்பவர் வடிவமைத்தார். சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு கேமரா வேண்டும் என்பதே நோக்கம். ‘ஹோ குவாங்’, அதாவது ‘நல்ல வெளிச்சம்’ என்ற காண்டனீஸ் சொற்களிலிருந்து பெயர் வந்தது. அந்தப் பெயரையே செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல வெளிச்சத்தில் எடுங்கள். ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று, ஏறக்குறைய நூறில் ஒரு விநாடி. மேலே வெயில், மேகம் என்று படம் போட்ட சுவிட்ச் இருக்கும். பழைய ஹோல்காக்கள் பலவற்றில் அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் வெளிச்சம் நுழையும் துளையின் அளவு மாறாது. ஆகவே அதை நம்பாமல் ஃபிலிமை நம்புங்கள். ஐஎஸ்ஓ (ஃபிலிமின் வெளிச்ச உணர்வைக் காட்டும் எண்) 400 உள்ள நெகட்டிவ் ஃபிலிம் போட்டால் மேகமூட்டத்திலும் படம் வரும். கொளுத்தும் வெயிலில் தேவையைவிட நான்கு மடங்குக்கு மேல் வெளிச்சம் விழும்தான். நெகட்டிவ் ஃபிலிம் அதைத் தாங்கிக்கொள்ளும், ஸ்லைடு ஃபிலிம் தாங்காது.

இருண்ட மூலை உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லையென்றால் ஒரு ரோலில் 12-க்குப் பதில் 16 படம் எடுக்கும் சட்டகத்தை உள்ளே பொருத்துங்கள். படத்தின் அளவு குறைவதால் மோசமான ஓரம் வெட்டுப்பட்டுவிடும். பின்மூடியில் உள்ள அம்புக்குறியையும் 16-க்கு நகர்த்த மறக்க வேண்டாம்.

கேள்வி: 12 படத்தில் 9 படம் ஆடிப்போய், வெளுத்துப்போய் வந்தது. கை நடுக்கம் எனக்கு இல்லை.

பதில்: அடிப்பக்கத்தைப் பாருங்கள். என் (N), பி (B) என்று இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பி-யில் இருந்தால் நீங்கள் விரலை எடுக்கும் வரை ஷட்டர் திறந்தே கிடக்கும். பையிலிருந்து உருவும்போது அது தானாக நகர்ந்துவிடும். என் முதல் ரோல் முழுக்க அப்படித்தான் போனது. அக்காவின் குழந்தை முதன்முதலாக நடந்த நாள் அந்த ரோலில் இருந்தது. அன்று முதல் சுவிட்சை என்-இல் வைத்து மேலே ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டிவிடுகிறேன். இரவுப் படத்துக்கு மட்டும் பிரிப்பேன்.

இன்னொன்று, லென்ஸ் மூடி. வியூஃபைண்டர் லென்ஸுக்கு மேலே தனியாக இருப்பதால் மூடியைக் கழற்றாமலே எடுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. மூடியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூரத்தையும் கண்ணால் அளந்துதான் வைக்க வேண்டும். லென்ஸ் வளையத்தில் ஒரு தலை என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர், மூன்று பேர் இரண்டு மீட்டர், கூட்டம் ஆறு மீட்டர், மலை பத்துக்கு மேல்.

கேள்வி: ஒரே ஃபிரேமில் இரண்டு படம் எடுத்துப் பார்க்கிறேன். எல்லாம் வெளிறிய குழப்பமாக வருகிறது. உங்கள் ‘ஜன்னலோர அம்மா’ படத்தில் உருவத்துக்குள் மட்டும் இலைகள் எப்படி வந்தன?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

ஹோல்காவில் ஷட்டருக்கும் ஃபிலிம் சுற்றும் குமிழுக்கும் தொடர்பே கிடையாது. சுற்றாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆனால் ஃபிலிம் சிலேட்டு மாதிரி அல்ல, முதலில் எழுதியது அழியாது. ஒரு இடத்தில் வெளிச்சம் நிறைய விழுந்துவிட்டால் அந்த இடம் நிரம்பிவிட்டது, இரண்டாவது படத்துக்கு அங்கே இடமில்லை. வெளிச்சம் விழாத இருட்டு மட்டும் காலியாகக் காத்திருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

அம்மா வெளிச்சமான ஜன்னலுக்கு முன் பக்கவாட்டில் நின்றார். ஜன்னல் வெள்ளையாக நிரம்பியது, அவர் உருவம் கரும் நிழலாக விழுந்தது. சுற்றாமல் வெளியே போய், வெயில் பட்ட மரக்கிளை ஒன்றை ஃபிரேம் நிறைய வைத்து மறுபடி அழுத்தினேன். ஜன்னல் வெண்மையில் இலைகள் கரைந்துபோயின, அம்மாவின் நிழலுக்குள் மட்டும் துளிர்த்தன. ஒரே நாளில் வந்த படம் அல்ல அது. நான்கு ரோல் போன பிறகு ஐந்தாவதில் கிடைத்தது. முதல் நான்கிலும் பின்னணி போதிய வெளிச்சமாக இல்லை, அதனால் இலைகள் எங்கும் பரவிவிட்டன.

நீங்கள் வெயிலில் நின்ற மனிதர்மேல் வெயிலில் நின்ற கட்டடத்தை ஏற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டும் நிரம்பியவை, குழப்பம்தான் மிஞ்சும். இருட்டான எதையாவது முதலில் தேடுங்கள். ஐஎஸ்ஓ 100 ஃபிலிம் போட்டால் இரண்டு முறை அழுத்தினாலும் மொத்த வெளிச்சம் அளவுக்குள் நிற்கும்.

ஒரு சிறு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் கரிய பகுதி ஃபிரேமின் எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு சதுரம் போட்டு வரைந்துவிடுவேன். என்னிடம் அப்படி ஏழு நோட்டுகள் சேர்ந்திருக்கின்றன. விபத்தாக வந்த நல்ல படத்தை இன்னொரு முறை வேண்டுமென்றே எடுக்க முடிகிறது என்றால் அந்த நோட்டுகளால்தான். ஒரு ரோலில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். ஃபிலிம், வெளிச்சம், முறை மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று கடைசி வரை தெரியாது.

கழுவக் கொடுக்கும்போது உறையில் ‘வெட்ட வேண்டாம், முழு நீளமாகத் தரவும்’ என்று எழுதிக் கொடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய ஃபிரேம்களுக்கு நடுவே இடைவெளி தெரியாது. ஒரு லேபில் என் ரோலை இரண்டு படங்களின் குறுக்கே வெட்டிவிட்டார்கள். அந்த நெகட்டிவைப் பார்க்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: படங்களில் சிவப்பாக, ஆரஞ்சாக வெளிச்சக் கோடுகள் விழுகின்றன. கேமரா முழுக்க டேப் ஒட்ட வேண்டுமா?

பதில்: முழுக்க வேண்டாம். முதலில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். இருட்டு அறையில், ஃபிலிம் இல்லாத கேமராவுக்குள் ஒரு சின்ன டார்ச்சைப் போட்டு மூடிப் பாருங்கள், இடுக்குகள் தானே காட்டிக்கொடுக்கும். பின்மூடியைப் பிடிக்கும் இரண்டு உலோகக் கொக்கிகள்தான் வழக்கமான இடம். அவை நடுவழியில் கழன்று விழவும் கூடும், ஆகவே அங்கே டேப் அவசியம். எண் பார்க்கும் சிவப்பு ஜன்னலையும் சுற்றும் நேரம் தவிர மூடி வையுங்கள்.

கோடுகள் ஓரத்தில் மட்டும் இருந்தால் குற்றம் கேமராவில் இல்லாமலும் இருக்கலாம். ஹோல்காவில் போடும் 120 ஃபிலிம் (முதுகில் காகிதத்தோடு ஸ்பூலில் சுற்றிய அகல ஃபிலிம்) தளர்வாகச் சுற்றப்பட்டால் வெளியே எடுத்தவுடன் ஓரம் வழியாக வெளிச்சம் ஏறும். ஃபிலிம் ஸ்பூலுக்கு அடியில் மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகினால் இறுக்கமாகச் சுற்றும்.

கசிவு அழகாக இருக்கிறது என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. நான் விடுவதில்லை. எங்கே விழும் என்று தெரியாத ஒன்று என் படத்தின் முகத்தை மறைப்பதை நான் விரும்புவதில்லை.

கேள்வி: 120 ஃபிலிம் கிடைப்பது சிரமம். 35 மில்லிமீட்டர் ஃபிலிமை ஹோல்காவில் போடலாமா?

பதில்: போடலாம். ஓரத்துத் துளைகள் வரை படம் பரவி அருமையாக வரும். சுருள் டப்பா ஆடாமலிருக்க மேலும் கீழும் பஞ்சு வைத்து, ஃபிலிம் நுனியை மறுபக்க ஸ்பூலில் டேப்பால் ஒட்டுங்கள். 35 மில்லிமீட்டரில் முதுகுக் காகிதம் கிடையாது, எனவே சிவப்பு ஜன்னலைக் கறுப்பு டேப்பால் இரண்டடுக்கு மூடியே ஆக வேண்டும். எண்ணும் தெரியாது. என் கேமராவில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று, போகப் போகக் கொஞ்சம் குறைப்பேன். முடிந்ததும் முழு இருட்டில் திறந்து கையால் டப்பாவுக்குள் திருப்பிச் சுற்ற வேண்டும்.

கேள்வி: ஃபிலிமை எலுமிச்சைச் சாறு, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் விசித்திர நிறம் வருமாமே?

பதில்: வரும். ஆனால் அந்த ரோலை லேபில் கொடுத்தால் அவர்களுடைய ரசாயனம் பாழாகும், அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் படமும் சேர்ந்து கெடும். சொல்லாமல் கொடுக்கவே கூடாது. நீங்களே கழுவுவதாக இருந்தால் செய்யுங்கள்.

நிறத்தோடு விளையாட ஆசையென்றால் ரெட்ஸ்கேலில் தொடங்குங்கள் என்பேன். கலர் ஃபிலிமை முன்பின்னாகத் திருப்பிப் போடுவதுதான் அது. வழக்கமாக வெளிச்சம் முதலில் நீல உணர்வுள்ள அடுக்கைத் தொடும், சிவப்பு அடுக்கு கடைசியில் இருக்கும். திருப்பினால் வரிசை தலைகீழாகிறது, இடையில் உள்ள மஞ்சள் வடிகட்டி நீலத்தைத் தடுத்துவிடுகிறது. குறைந்த வெளிச்சத்தில் அடர் சிவப்பு, கூடக் கூட ஆரஞ்சு, பிறகு பொன்னிறம். நுனி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு காலி டப்பாவில் புது ஃபிலிமைப் புரட்டி ஒட்டி, இருட்டில் முழுக்கச் சுற்றி மாற்றிக்கொள்ளலாம். 400 ஃபிலிமை 100 என்று நினைத்து, அதாவது நான்கு மடங்கு வெளிச்சம் கொடுத்து எடுங்கள்.

கேள்வி: யூஸ் அண்ட் த்ரோ கேமராவைப் பிரித்து லென்ஸை எடுக்கலாமா?

பதில்: ஃபிளாஷ் உள்ளதைப் பிரிக்காதீர்கள். உள்ளே உள்ள கெபாசிட்டர் சுமார் 300 வோல்ட் தேக்கி வைத்திருக்கும், பேட்டரியை எடுத்த பிறகும் அது உள்ளேயே இருக்கும். பள்ளி மாணவர்கள் இருவர் இதைக் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்: வேண்டாம்.

கேள்வி: எங்கள் போட்டோ கிளப்பில் ‘பொம்மைக் கேமரா படம் கலை ஆகாது, போனில் ஒரு ஃபில்டர் போட்டால் போதும்’ என்கிறார்கள்.

பதில்: டேவிட் பர்னட் அமெரிக்கச் செய்திப் புகைப்படக்காரர். 2000-ல் அதிபர் வேட்பாளர் அல் கோரின் தேர்தல் பிரசாரத்தை ஹோல்காவில் எடுத்தார், அந்தப் படம் அடுத்த ஆண்டு வெள்ளை மாளிகைச் செய்திப் புகைப்படக்காரர்கள் சங்கத்தின் பரிசை வென்றது. அதற்கும் முன்னால், 1970களில் நான்சி ரெக்ஸ்ராத், ஹாங்காங்கில் செய்த டயானா என்ற இன்னும் எளிய கேமராவோடு ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர்களில் அலைந்தார். வீடுகளும் குழந்தைகளும் கனவில் பார்ப்பதுபோல் விழுந்த படங்கள் அவை.

ஃபில்டர், எடுத்து முடித்த தெளிவான படத்தின்மேல் மங்கலைப் பூசுகிறது. இந்தக் கேமராவில் எடுக்கும்போதே ஓரம் மங்கும் என்று தெரிந்து, முக்கியமானதை நடுவில் வைத்து, பக்கத்தில் போய், வெளிச்சத்துக்காகக் காத்திருந்து எடுக்கிறோம். நான் இருபது அடி தூரத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்த ஆள். மனிதர்களுக்கு ஒரு மீட்டர் அருகில் போய்ப் பேசி எடுக்கப் பழகியது ஹோல்கா வந்த பிறகுதான். கிளப்பில் பன்னிரண்டு படத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வையுங்கள், திரையில் காட்ட வேண்டாம்.

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய கேமராவில் எடுத்து முடிக்காத ரோல் ஒன்று இருக்கிறது. முப்பது வருடம் ஆகியிருக்கும். ஏதாவது இருக்குமா?

பதில்: இருக்க வாய்ப்பு உண்டு. கேமராவின் பின்மூடியைத் திறக்காதீர்கள், திறந்துவிடாமல் இருக்க டேப் ஒட்டுங்கள். மீதிப் படங்களை நீங்கள் எடுத்து முடிக்கவும் வேண்டாம். வெயில் படாத, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். இருட்டில் சுற்றி எடுத்ததும் டப்பாவின்மேல் உள்ள எழுத்தைப் படியுங்கள். சி-41 (வழக்கமான கலர் நெகட்டிவ் கழுவும் முறை) என்றால் இன்றும் கலரில் கழுவலாம். கோடாக்ரோம் (கோடாக்கின் பழைய கலர் ஸ்லைடு ஃபிலிம்) என்றால் அதைக் கலரில் கழுவும் கடைசி லேபும் புது ரோல்கள் வாங்குவதை 2010 டிசம்பரோடு நிறுத்திவிட்டது, இனி கறுப்பு வெள்ளையில்தான் முடியும். கறுப்பு வெள்ளை ரோல் என்றால் நம்பிக்கை கூடுதல். எந்த வகையானாலும் பழைய ரோல் கழுவிப் பழக்கமுள்ளவரிடம் கொடுத்து, எத்தனை வருடம் கிடந்தது என்று சொல்லுங்கள்.

கறை படிந்து, புள்ளி புள்ளியாக வரலாம். ஸ்கேன் செய்பவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் நெகட்டிவைக் கேட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களே ஒரு முறை பிடித்துப் பாருங்கள். என் மாமாவின் ரோலில் அப்படித்தான் ஒரு ஃபிரேமின் ஓரத்தில் அவர் சைக்கிளின் முன்சக்கரம் தெரிந்தது. எது வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.