ஆட்டுக்குட்டிகள் இருமுகின்றனவா? முதலில் தரையைப் பாருங்கள்

மழை தொடங்கியதிலிருந்து குட்டிகள் இருமி இளைக்கின்றன, வந்த விலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இன்று இரவு கொட்டிலுக்குள் போய், குட்டி படுக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தால், விடிய விடிய அவை சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். தரை காயாமல் மருந்து மட்டும் கொடுத்துப் பயனில்லை. பலகைகளை 1 முதல் 1.5 செ.மீ. இடைவெளி விட்டு அடித்துப் பரண் போடுங்கள், புழுக்கை கீழே விழும், குட்டியின் கால் சிக்காது. சுவரின் மேல்பகுதி திறந்திருக்கட்டும், சாரல் மட்டும் உள்ளே வரக் கூடாது.

அப்புறம் கீழ் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சரி, வெளிறியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவாக இருக்கலாம். காய்ச்சலும் சளியும் சேர்ந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தேறிய பிறகு விற்றாலும் கண்மதிப்பில் கொடுக்காதீர்கள். தராசு இல்லாவிட்டால் டேப் போதும்: முன்னங்காலை ஒட்டிப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பின்புட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 26 அங்குலச் சுற்று, 24 அங்குல நீளம் என்றால் ஏறக்குறைய 24.5 கிலோ.