வாள் எங்கே தோற்க வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் எழுதிக்கொண்டிருக்கும் குறுநாவல் 1692-ல் கரீபியன் கடலில் நடக்கிறது. வாள்வீச்சில் கைதேர்ந்த கடற்கொள்ளையன் ஒருவன்தான் நாயகன். முதல் பாதி துரத்தல், சண்டை, கப்பல் பிடிப்பு என்று ஓடுகிறது. பிற்பாதியில் கடலடியில் கிடக்கும் ஏதோ ஒன்று விழித்துக்கொள்கிறது. ஜமைக்காவின் போர்ட் ராயல் நகரத்தை அழித்த பூகம்பமே அதன் வேலைதான் என்று வைத்திருக்கிறேன். வாசித்த நண்பர்கள் எல்லோரும், இரண்டு கதைகளை ஒட்டவைத்ததுபோல இருக்கிறது, ஜந்து வந்தபிறகு நாயகன் வேடிக்கை பார்க்கிறவனாகிவிடுகிறான் என்கிறார்கள். சாகசக் கதையில் நாயகன் ஜெயிக்க வேண்டும், காஸ்மிக் ஹாரரில், அதாவது மனிதனைப் பொருட்டாகவே எண்ணாத பிரம்மாண்ட சக்திகளைப் பற்றிய திகில் கதையில், மனிதன் தோற்க வேண்டும். இரண்டும் எப்படிச் சேரும்? கைப்பிரதியை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கைப்பிரதியை முழுக்க வாசித்தேன். சண்டைகளை நன்றாக எழுதுகிறீர்கள். கால் எங்கே ஊன்றுகிறது, வாள்முனை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒவ்வொன்றும் கண்ணில் தெரிகிறது. பிற்பாதி ஏமாற்றம் தருவதற்கும் அதுவே காரணம்.

இரண்டும் சேருமா என்ற சந்தேகமே வேண்டாம். 1928-ல் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற அமெரிக்க இதழில் பிப்ரவரி மாதம் லவ்கிராஃப்டின் கதுலு கதை வந்தது; கடலடியில் உறங்கும் ஜந்துவைப் பற்றிய காஸ்மிக் ஹாரர் கதை அது. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே இதழில், ராபர்ட் ஹோவர்டின் வாள்வீரன் சாலமன் கேன் அறிமுகமானான். ஒரே வாசகர்கள்தான் இரண்டையும் வாசித்தார்கள்.

சிக்கல் உங்கள் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது. நாயகன் ஜந்துவை வெட்டுகிறான், வாள் உடைகிறது. அந்த வரியோடு எட்டு அத்தியாயங்களாக நீங்கள் சேர்த்து வைத்த திறமையெல்லாம் செல்லாக்காசாகிவிட்டது. வாள் உடையவே கூடாது. அது கடைசிவரை ஜெயிக்கட்டும். ஒவ்வொரு வெற்றியும் அவனை இன்னும் ஆழமாக உள்ளே இழுக்கட்டும். உங்களிடம் மூன்று சண்டைகள் இருக்கின்றன. முதலாவதை அப்படியே விடுங்கள்: எதிராளி கெட்டிக்காரன், நாயகன் அவனைவிடக் கெட்டிக்காரன், பரிசு ஒரு கடல் வரைபடம். இரண்டாவதில் எதிராளியின் நோக்கத்தை மாற்றுங்கள். அவன் நன்றாகத்தான் சண்டை போடுகிறான், ஆனால் தடுக்க வேண்டிய ஓர் எளிய குத்தைத் தடுக்காமல் நெஞ்சைக் கொடுக்கிறான். வாள் தெரிந்த நாயகனுக்கு மட்டுமே அது வேண்டுமென்றே செய்தது என்று புரியும். இவனுக்குச் சாவு எதைவிட மேலாகத் தெரிந்தது என்ற கேள்வி அங்கேயே விழுந்துவிடும். திகில் நாயகனின் தொழிலறிவு வழியாக வருவதால் ஒட்டுத் தையலும் தெரியாது. மூன்றாவது சண்டை மனிதனோடுதான் நடக்க வேண்டும். நாயகன் ஜெயித்து நிமிரும்போது, சண்டை எதற்காக நடந்ததோ அது ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

நான்காம் அத்தியாயத்தில் மூன்று குண்டுகள் பாய்ந்தபிறகும் ஒரு மாலுமி நடந்து வருகிறான். இதை முதல் அமானுஷ்ய அடையாளமாக வைத்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தைப் படித்த வாசகர் இதற்கு அசையமாட்டார். 1718 நவம்பரில் அமெரிக்கக் கரையோரத் தீவான ஒக்ரகோக்கில் கொல்லப்பட்ட கடற்கொள்ளையன் பிளாக்பியர்டின் உடலில் ஐந்து குண்டுக் காயங்களும் இருபது வெட்டுகளும் இருந்ததாக அவனை வீழ்த்திய கடற்படை அதிகாரி மேனார்டே எழுதியிருக்கிறார். மனித உடம்பே அவ்வளவு தாங்கும். துப்பாக்கி விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். அக்காலத்து ஃபிளின்ட்லாக் (சிக்கிமுக்கிக் கல் பொறியால் வெடிக்கும்) கைத்துப்பாக்கிக்கு ஒரு முறை நிரப்பினால் ஒரு குண்டுதான். கிண்ணியில் இருக்கும் பற்றுமருந்து ஈரமானால் அதுவும் வெடிக்காது. மூடுபனியில் ஜந்து வரும் காட்சியில் துப்பாக்கி வெடிக்காமல் போவதாக எழுதினால், பனி காரணமா ஜந்து காரணமா என்று வாசகர் குழம்புவார். சாதாரணக் கோளாறுகளை முதல் பாதியிலேயே காட்டிப் பழக்கிவிடுங்கள். அசாதாரணமான எதையும் உலர்ந்த, தெளிவான பகலில் நடத்துங்கள்.

அக்காலக் கப்பலில் இருந்த கருவிகள் உங்களுக்குப் பெரிய துணை. கடலில் தீர்க்கரேகையை (கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்பதை) கணிக்க உதவும் நம்பகமான கடற்காலமானி, பெரிய பாக்கெட் கடிகாரம்போல இருந்த ஹாரிசனுடையது. அது சோதனைப் பயணம் போனதே 1761-ல்தான். 1692-ல் தீர்க்கரேகையை வேகத்தையும் திசையையும் வைத்துக் கணக்குப் போட்டு ஊகித்தார்கள். தாங்கள் இருக்கும் இடமே சரியாகத் தெரியாதவர்கள் அவர்கள். ஆனால் ஆழத்தை மட்டும் கையால் தொட்டு அறிந்தார்கள். கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் திணித்தால் கடலடி மண் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். கயிற்றில் அடையாளங்கள் இருக்கும்: இரண்டு பாகத்தில் இரண்டு தோல்வார், மூன்றில் மூன்று, ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்புத் துணி, பத்தில் தோல். ஒரு பாகம் ஆறடி. இருட்டில் தொட்டுப் பார்த்தே எண்ணைச் சொல்லலாம்.

இப்போது இப்படி ஒரு காட்சி. காற்றில்லாத இரவு, ஸ்லூப் (ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல்) நங்கூரமிட்டு நிற்கிறது. அரை மணிக்கொரு முறை கப்பல் மணி அடிக்கும்போது குண்டை இறக்குகிறார்கள். முதலில் விரலில் தோல் தட்டுப்படுகிறது, பத்து. அடுத்த மணிக்குத் துணி, ஏழு. அதற்கடுத்து மறுபடியும் துணி, ஆனால் ஐந்து. நங்கூரக் கயிறு தளரவில்லை, கப்பல் நகரவில்லை. கொழுப்பில் மணலும் இல்லை, சேறும் இல்லை; வைத்தது வைத்தபடி வழவழவென்று இருக்கிறது. ஆழம் பார்ப்பவன் தன் வேலையைச் செய்கிறான், எண்ணைக் கூவுகிறான். ஸ்லூப்புக்கு மிதக்க எட்டடித் தண்ணீர் வேண்டும் என்று முன்பே ஓரிடத்தில் சொல்லியிருந்தால், “மூன்று” என்று அவன் கூவும்போது வாசகரே கணக்குப் போட்டுவிடுவார். ‘வர்ணிக்க இயலாத’, ‘பெயரற்ற’, ‘சொல்லொணா’ எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பிற்பாதியில் அவை பக்கத்துக்கு நான்கு வருகின்றன. வாள்சண்டையை எழுதிய அதே துல்லியத்தோடு இதையும் எழுதுங்கள்.

பூகம்பத்தை ஜந்துவின் கணக்கில் எழுதியது எனக்கு உவப்பாக இல்லை. 1692 ஜூன் 7, முற்பகல். கடலடியிலிருந்து பின்னாளில் எடுத்த ஒரு பாக்கெட் கடிகாரம் 11:43-ல் நின்றிருந்தது. நகரம் நீர் ஊறிய தளர்மணல்மேல் நின்றது. நிலம் குலுங்கியதும் மணல் குழம்பாகி வீடுகளையும் மனிதர்களையும் உள்ளே வாங்கிக்கொண்டது, பிறகு இறுகிவிட்டது. நகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அன்று மட்டும் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். இதற்கு ஜந்து தேவையில்லை. ஜந்துவைக் காரணமாக்கினால் நிஜ விபத்தும் சிறுக்கிறது, ஜந்துவும் ஒரு விளக்கமாகச் சுருங்கிவிடுகிறது. கதையை ஜூலைக்குத் தள்ளுங்கள். மூழ்கிய வீடுகளுக்குள் மூச்சடக்கி இறங்கிப் பொருள் எடுக்கிறவர்களோடு உங்கள் நாயகனும் சேரட்டும்.

நம்பிக்கை விஷயம் இன்னும் முக்கியம். உங்கள் மாலுமிகள் ‘பிரபஞ்சம் நம்மைப் பொருட்படுத்தவில்லை’ என்று பேசிக்கொள்கிறார்கள். அது இருபதாம் நூற்றாண்டுக் குரல். 1692-ன் மாலுமி முதலில் சாத்தான் என்றுதான் சொல்வான், அதில் ஒரு ஆறுதலும் இருக்கிறது: சாத்தானுக்கு மனித ஆன்மா வேண்டும், பேரம் பேசலாம், சிலுவைக்கு அஞ்சுவான். ஜெபம் பலிக்கவும் வேண்டாம், அந்த ஜந்து அதைக் கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம். அதற்கு ஜெபம் என்று ஒன்று நடந்ததே தெரியவில்லை என்று காட்டுங்கள். படித்த ஒருவன் கப்பலில் இருந்தால் (மருத்துவன் பொருந்துவான்) அவன் வேறுமாதிரி பயப்படலாம். முடிவற்ற வெளிகளின் மௌனம் அச்சுறுத்துகிறது என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல் அதற்கு முன்பே எழுதிவைத்திருந்தார். 1680-ன் பெரிய வால்நட்சத்திரத்தை அவன் கண்ணாலேயே பார்த்திருப்பான்.

முடிவு. நாயகனுக்குப் பைத்தியம் பிடிப்பது தேய்ந்த வழி, வேண்டாம். கொள்ளையர் கப்பல்களில் துரத்தலிலும் சண்டையிலும் மட்டுமே கேப்டன் சொல்தான் சட்டம். மற்ற நேரங்களில் ஓட்டு, மாலுமிகள் தேர்ந்தெடுத்த குவார்ட்டர்மாஸ்டரும் தட்டிக்கேட்கலாம். அப்படியானால் கப்பலுக்குக் கீழே ஆழம் குறைந்துகொண்டே வரும் இரவு சண்டை நேரமா, இல்லையா? கேப்டன் சண்டை என்கிறான், குவார்ட்டர்மாஸ்டர் ஓட்டெடுப்பு என்கிறான். மூன்றாவது வாள்சண்டையை அங்கே வையுங்கள். நாயகன் எந்தப் பக்கம் நின்றாலும் ஜெயிக்கட்டும், கப்பல் தப்பவும் செய்யலாம்.

ஒன்பது முதல் பன்னிரண்டுவரை உள்ள அத்தியாயங்களை ஒரே அத்தியாயமாக்குங்கள். ஜந்துவின் பூர்வகதை சொல்லும் பதினோராம் அத்தியாயத்தில் ஒரு வரியும் தேவைப்படாது. ஆழக் கயிற்றை இரண்டாம் அத்தியாயத்திலேயே, எந்த முக்கியத்துவமும் இல்லாமல், ஒரு சாதாரண வேலையாக ஒருமுறை காட்டிவிடுங்கள்.