விட்டம் ஒன்றா, பலவா?

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ‘ஒரு வட்டத்துக்கு எண்ணற்ற விட்டங்கள் உண்டு’ என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாள். அடுத்த பக்கத்திலோ ‘வட்டத்தின் விட்டம் 14 செ.மீ.’ என்று ஒரு கணக்கு வருகிறது. எண்ணற்றவற்றுள் எந்த விட்டம் என்று அவள் கேட்டபோது எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மையம் குறிக்கப்படாத தட்டு, மூடி ஆகியவற்றின் விட்டத்தை எப்படி அளப்பது என்பதையும் விளக்க வேண்டுகிறேன்.
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: உங்கள் மகள் கேட்டது மிக நல்ல கேள்வி. ஒரே சொல் இரண்டு பொருளில் வழங்குவதால் வந்த குழப்பம் இது. வட்டத்தின் ஒரு புள்ளியில் தொடங்கி, மையத்தின் வழியே சென்று, எதிர்ப்புறத்தில் முடியும் கோட்டுத்துண்டுக்கு விட்டம் என்று பெயர். அந்தக் கோட்டுத்துண்டின் நீளத்துக்கும் அதே பெயர்தான். கோட்டுத்துண்டை எந்தத் திசையிலும் வரையலாம் என்பதால் விட்டங்கள் எண்ணற்றவை. ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு ஆரங்கள் நேர்க்கோட்டில் சேர்ந்து அமைந்தது. ஒரு வட்டத்தின் ஆரங்கள் யாவும் சமம். ஆகவே எந்த விட்டத்தை அளந்தாலும் அதே 14 செ.மீ.தான் கிடைக்கும்.

பழைய வீடுகளில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடக்கும் மரத்தையும் விட்டம் என்றே சொல்கிறோம். குறுக்கே கிடப்பது என்ற பொருள் இரண்டுக்கும் பொது. எனினும் வட்டத்தில் குறுக்கே கிடக்கும் கோடுகள் எல்லாம் விட்டம் ஆகிவிடுவதில்லை; மையத்தைத் தொடாமல் போனால் அது வெறும் நாண். நாண்களுள் மிக நீளமானது விட்டம் என்பதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மையத்தைத் தொடாத ஒரு நாணை வரைந்து, அதன் இரு முனைகளையும் மையத்தோடு இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரியது. இங்கே அந்த இரண்டு பக்கங்களும் ஆரங்கள், அவற்றின் கூடுதலோ விட்டம். பக்கம் பக்கமாகக் கணக்குப் போடுவதைவிட இந்த ஒரு படத்தை உங்கள் மகள் தன் கையால் வரைந்து பார்ப்பது மேல்.

அளக்கும் வழியும் இதிலிருந்தே பிறக்கிறது. அளவுகோலின் சுழியத்தைத் தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை மெல்லத் திருப்பிக்கொண்டே வாருங்கள். எதிர் விளிம்பில் தெரியும் அளவு ஏறி, பிறகு இறங்கும். மிகப் பெரிய அளவே விட்டம். நாணயம் போன்ற சிறிய பொருளை இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே வைத்து நெருக்கி, பெட்டிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்கலாம். பத்து ரூபாய் நாணயத்துக்கு 27 மி.மீ. வர வேண்டும்.

மையமும் வேண்டுமென்றால், தட்டைத் தாளில் வைத்துச் சுற்றிலும் வரைந்துகொண்டு, செய்தித்தாளின் மூலையை அந்த வட்டத்தின் மேல் ஏதேனும் ஒரு புள்ளியில் பொருத்துங்கள். மூலையின் இரு ஓரங்களும் வட்டத்தை மீண்டும் வெட்டும் இடங்களை இணைத்தால் கிடைப்பது விட்டம். ஏனென்றால் வட்டத்தின் மேலுள்ள புள்ளியில் செங்கோணம் தாங்கும் நாண் விட்டமாகவே இருக்கும். வேறொரு புள்ளியிலும் இவ்வாறு செய்தால் இரண்டு விட்டங்கள் வெட்டும் இடத்தில் மையம் நிற்கும்.

கேள்வி: ஆறடி விட்டமுள்ள எங்கள் உறைகிணற்றைப் பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தினால் இரண்டு மடங்கு தண்ணீர் நிற்குமா?
– விவசாயி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஆழம் மாறாமல் இருந்தால் நான்கு மடங்கு நிற்கும். சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வரும் என்பது நம் பழைய கணக்குச் சுவடிகளே சொல்லும் முறை. விட்டம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும். இரண்டும் பெருக்கலில் சேர்வதால் பரப்பு நான்கு மடங்காகிறது. சுற்றளவு விட்டத்தைப் போல் ஏறத்தாழ 3.1416 மடங்கு, 20,000 விட்டத்துக்கு 62,832 சுற்றளவு என்று ஆரியபட்டர் கொடுத்த விகிதமும் இதுவே, அதுவும் தோராயமே என்று அவரே குறிப்பிட்டிருக்கிறார். இதன்படி ஆறடிக் கிணற்றில் ஓரடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 800 லிட்டர், பன்னிரண்டு அடிக் கிணற்றில் 3,200 லிட்டர்.

உறைக்கு ஆகும் சுற்றுச்சுவரின் நீளமோ இரண்டு மடங்குதான். ஆனால் நான் சொன்னது கிணறு கொள்ளும் அளவை மட்டுமே. ஊற்று எவ்வளவு சுரக்கும் என்பது மண்ணையும் பாறையையும் பொறுத்தது, அகலப்படுத்துவதால் அது நான்கு மடங்கு ஆகிவிடாது. ஆகவே தோண்டும் முன், இப்போதுள்ள கிணற்றை இறைத்துவிட்டு, தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கோடைக்காலத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.