சென்னை மாதிரி பெருநகரத்தில் அவசரத்துக்குப் பொதுக் கழிப்பறையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொதுக் கழிப்பறை என்பது வெளியே வந்து போகிறவர்களுக்கானது. வீட்டில் கழிப்பறை இல்லாத குடியிருப்புக்காகக் கட்டுவது சமுதாயக் கழிப்பறை, அது வேறு. இந்த வேறுபாடு தெரிந்தால் தேடுவது சுலபம். தண்ணீர்ப் பந்தலை யாரும் சந்துக்குள் போடுவதில்லை, ஜனம் நடக்கிற இடத்தில்தான் போடுவார்கள். இதுவும் அப்படித்தான். தெருத்தெருவாக அலையாமல் பேருந்து நிலையம், சந்தை, ரயில் நிலையம், கடற்கரைப் பக்கம் போங்கள். கோயம்பேடு, மெரினா எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். மெட்ரோ நிலையங்களிலும் உண்டு.

பலருக்குத் தோன்றாத இடம் பெட்ரோல் பங்க். இலவசக் காற்று, குடிநீர் போலவே கழிப்பறையும் அங்கே இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. தயங்காமல் கேளுங்கள். கூகுள் மேப்பில் 'பொதுக் கழிப்பறை' என்று தேடினாலும் கிடைக்கும். ஆனால் பூட்டியிருக்கலாம், அண்மைய விமர்சனங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ராத்திரியில் இது ரொம்ப முக்கியம்.

வெளியே போகும் நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நிறைய பெண்கள் நினைக்கிறார்கள். அது தவறு: தண்ணீரைக் குறைப்பதும் சிறுநீரை அடக்கி வைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்குத்தான் வழி விடும்.